தோல் கெடாமல் கொயோட்டி வேட்டை: எந்தக் காலிபர் எடுப்பது?

நுழைந்த பக்கம் பட்டாணி அளவு ஓட்டை. புரட்டிப் போட்டால், வெளியேறிய பக்கம் கையே நுழைகிற அளவுக்குக் கிழிசல். கிழக்கு மொன்டானாவில் நான் சுட்ட முதல் கொயோட்டி இப்படித்தான் கிடந்தது. ஜனவரி மாதம், வெளிறிய சாம்பல் நிறம், விரல் புதைகிற அடர்த்தியில் மயிர். மான் வேட்டைக்கு வாங்கியிருந்த .243 வின்செஸ்டர் ரைஃபிளை, அதே 100 கிரெயின் (ஆறரை கிராம்) குண்டு கொண்ட மான் தோட்டாவோடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தோல் வாங்குகிறவர் கிழிசலுக்குள் நான்கு விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்துவிட்டார். ஓர் உயிரையும் எடுத்து, அதன் தோலையும் வீணாக்கியது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். புதிதாக வருகிறவர்கள் அதே தவறைச் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கொயோட்டி வட அமெரிக்கா முழுவதும் பரவிய விலங்கு. நம் ஊர் நரிக்கு நெருங்கிய உறவு, அதைவிடச் சற்றுப் பெரியது. மேற்குச் சமவெளிகளில் பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ இருக்கும். குளிர்கால மயிர் அதை இன்னும் பெரிதாகக் காட்டும், அதை நம்பி ஏமாறக் கூடாது. மயிரை ஒதுக்கிப் பார்த்தால் நெஞ்சுக் கூட்டின் அகலம் ஒரு சாண்கூட வராது. தோல் கெடாமல் சுடுவதில் உள்ள சிக்கலே இதுதான். குண்டு தன் வேகம் முழுவதையும் அந்த ஒரு சாணுக்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் மறுபக்கத்துத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும்.

முதலில் சட்டம், அப்புறம் துப்பாக்கி

கடைக்குப் போகும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. அமெரிக்காவில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தத் தடைக்கான விலக்குகளில் ஒன்று. குடியேற்ற நிலையோடு விளையாடாதீர்கள். உரிமம் எடுத்து, ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். கனடாவில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வாங்கிய பிறகே எதையும் தொடலாம். வேட்டை உரிமம் அதற்கு மேல் தனி.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஐடஹோவில் ஆண்டு முழுவதும் கொயோட்டி சுடலாம், ஆனால் வேட்டை உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. 2023 முதல் அங்கே புதிய மயிர்த்தோல் விற்பனைக்கும் தடை வந்துவிட்டது. தோலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அந்த மாநிலத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். நிலத்துக்காரரின் அனுமதி எங்கேயும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டியையும் கன்றையும் பறிகொடுத்த பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் மனமுவந்து கொடுப்பார்கள்.

இந்தியாவில் நரி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இங்கே எழுதுவது எதுவும் அங்கே பொருந்தாது.

தோல் தேறுகிற மாதங்கள்

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும் வரை எடுக்கும் தோல்தான் தோல். பிப்ரவரியில் இணை சேரும் காலம் வந்ததும் முதுகு, பின்பக்க மயிர் தேய்ந்து உடைய ஆரம்பிக்கும். கோடையில் எடுத்த தோலுக்கு விலையே இல்லை. ஆகவே ஜூலை மாதத்தில் ஆட்டுப்பட்டியைக் காக்கச் சுடுகிறவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர் கையில் இருக்கிற நம்பகமான ரைஃபிள் போதும்.

சந்தை நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ச் சட்டைகளின் தலைமூடி ஓரத்தில் கொயோட்டி மயிர் வைத்துத் தைக்கும் பழக்கத்தால் நல்ல விலை போன காலம் ஒன்று இருந்தது. அதில் முன்னணியில் இருந்த கனடா கூஸ் நிறுவனம், 2022 முடிவுக்குள் மயிர்த்தோலைப் பயன்படுத்துவதை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தது. இன்றைக்குப் பணத்துக்காக மட்டும் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை இறங்கிய சந்தையில் கிழிந்த தோலை யாரும் சீண்டுவதில்லை, அதனால் முன்பைவிட இப்போதுதான் ஓட்டை அதிகம் கணக்காகிறது. வீட்டில் விரிக்கவோ தொப்பி தைக்கவோ பதனிடுகிறவருக்கும் அதே கணக்குதான்.

ஓட்டை எப்படி விழுகிறது

காலிபர் என்றால் குழலின் உள்விட்டம், அதாவது ஏறத்தாழக் குண்டின் விட்டம். .17 என்றால் 4.4 மில்லிமீட்டர், .204 என்றால் 5.2, .22 வகை ரைஃபிள் தோட்டாக்கள் 5.7, .243 என்றால் 6.2. பார்த்தீர்களா, எல்லாவற்றுக்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. உள்ளே போகும் ஓட்டையை வைத்துப் பார்த்தால் எல்லாமே தைத்து மூடக்கூடிய அளவுதான். தோலைக் கெடுப்பது இரண்டே விஷயம்: குண்டு வெளியேறும்போது கிழிப்பது, அல்லது நுழையும் இடத்திலேயே மேலாக வெடித்துச் சிதறுவது.

வெளியேற்றம் எல்லோருக்கும் தெரியும். மேல்வெடிப்பைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. மிக மெல்லிய உறை கொண்ட இலேசான குண்டு அதிவேகத்தில் போய்த் தோளெலும்பில் மோதினால், உள்ளே இறங்காமல் அங்கேயே தூளாகிவிடும். தோலில் தட்டகல ரணம், நுரையீரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விலங்கு அந்தப் புண்ணோடு ஓடிவிடும். தோலும் போச்சு, அது படும் வேதனைக்கும் நாமே காரணம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் போகிற குண்டுதான் நமக்கு வேண்டும். விலா எலும்பைத் தாண்டி உள்ளே போய், நெஞ்சுக்குள் முழுதாக உடைந்து, வெளியே வராமல் நின்றுவிடும் குண்டு. அப்படிச் சுடப்பட்ட கொயோட்டி நின்ற இடத்திலேயே விழும். பிறகு மயிரை ஊதி ஊதித் தேடினால்தான் ஓட்டையே கண்ணில் படும்.

இன்னொரு வழியும் சிலர் சொல்வார்கள். விரியாத முழு உலோக உறைக் குண்டால் சுட்டால் சின்னதாக நுழைந்து சின்னதாக வெளியேறும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊசி குத்தியது மாதிரி ஊடுருவிப் போவதால் விலங்கு உடனே சாகாமல் நெடுந்தூரம் ஓடும். குண்டும் உடையாமல் தரையில் பட்டுத் தெறித்து எங்கேயோ போகும். பல இடங்களில் வேட்டைக்கு அந்தக் குண்டைச் சட்டமே அனுமதிப்பதில்லை. தோலைக் காப்பாற்ற ஒரு விலங்கை மெதுவாகச் சாகவிடுவது சரியில்லை. உடனடி மரணம்தான் முதல் நிபந்தனை, தோல் அதற்கு அப்புறம்.

எத்தனை தூரத்தில் சுடப் போகிறீர்கள்?

காலிபரைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். அடிபட்ட முயலின் அலறலை ஊதல் வைத்தோ ஒலிபெருக்கி வைத்தோ எழுப்பிக் கொயோட்டியை வரவழைப்பதுதான் வழக்கமான முறை. அப்படி வருவது பெரும்பாலும் 150 மீட்டருக்குள் வந்து நிற்கும். புதர்க்காட்டில் 30 மீட்டரிலும் வந்து முகம் காட்டும். திறந்த சமவெளியில்தான் 250, 300 மீட்டர் கேள்வி எழும், கூடவே காற்றும் வரும். டகோட்டா, மொன்டானா, வயோமிங் சமவெளிகளில் காற்று நிற்கிற நாள் அபூர்வம். இலேசான குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், தள்ளினால் நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும்.

இனி ஒவ்வொன்றாக

கணக்குக்காக: குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், 15.4 கிரெயின் ஒரு கிராம்.

2002-இல் வந்த .17 ஹெச்எம்ஆர் முயலுக்கும் அணிலுக்கும் அருமையானது. விலை குறைவு, சத்தம் குறைவு என்று கொயோட்டிக்கும் அதையே எடுக்கத் தோன்றும். வேண்டாம். 17 கிரெயின் குண்டு, குழல் வாயில் 330 ஜூல் ஆற்றல், நூறு மீட்டருக்குள் அதில் ஏறத்தாழப் பாதி காணாமல் போய்விடும். .22 எல்ஆர், .22 மேக்னம் இரண்டுக்கும் இதே பதில்தான்.

.17 ரெமிங்டன் வேறு உலகம். 1971-இல் வந்தது. 25 கிரெயின் குண்டை நொடிக்கு 1,230 மீட்டர் வேகத்தில் அனுப்பும். தோலுக்காகவே வேட்டையாடுகிறவர்கள் பலருக்கு இதன்மேல் தனிப் பிரியம். குத்தூசி போட்ட மாதிரி நுழையும், அநேகமாக வெளியே வராது. உதைப்பு இல்லாததால் குண்டு படுவதை ஸ்கோப் வழியாகவே பார்க்கலாம். ஆனால் குழல் சீக்கிரம் அழுக்கேறும், அதற்கென்று மெல்லிய துப்புரவுக் கம்பி வேண்டும், தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, காற்று அடித்தால் தூரச் சுடுதலை மறந்துவிட வேண்டும். 2007-இல் வந்த .17 ஃபயர்பால், 2012-இல் வந்த .17 ஹார்னெட் இரண்டும் அதன் அடக்கமான தம்பிகள். 150 மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும். கை பழகியவருக்கு இவை பொக்கிஷம், முதல் ரைஃபிளாக வேண்டாம் என்பேன்.

.204 ரூகர்தான் என் கையில் இப்போது இருப்பது. ஹார்னடி, ரூகர் நிறுவனங்கள் சேர்ந்து .222 ரெமிங்டன் மேக்னத்தின் தோட்டாக் கூட்டை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2004-இல் வெளியிட்டது. 32 கிரெயின் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 1,290 மீட்டரில் பறக்கும். 40 கிரெயின் சுமார் 1,190. விளம்பரத்தில் 32-இன் வேகத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நான் 40-ஐ எடுக்கச் சொல்வேன். 32 கிரெயின் கிட்டத்தில், தோளெலும்பில் பட்டால் மேல்வெடிப்பு வரும் ஆபத்து அதிகம். 40 கொஞ்சம் ஆழமாக இறங்கிய பிறகே உடையும், காற்றையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 200 மீட்டர் வரை விலாவில் பட்டவற்றில் வெளியேறிய ஓட்டையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். குறை என்றால் தோட்டா விலை, அப்புறம் சின்ன ஊர்க் கடைகளில் கிடைக்காதது.

புதியவர் ஒரே ஒரு ரைஃபிள் வாங்கப் போகிறார் என்றால், .204-ஐ இவ்வளவு புகழ்ந்த பிறகும், .223 ரெமிங்டன் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 1964 முதல் கடையில் இருக்கிறது. எந்த ஊரிலும் தோட்டா கிடைக்கும், பயிற்சித் தோட்டா மலிவு, குழல் நீண்ட காலம் உழைக்கும். தோல் கெடுவதும் தப்புவதும் கடைசியில் குண்டு எங்கே படுகிறது என்பதில்தான் இருக்கிறது. வருடத்துக்கு 500 தோட்டா சுட்டுப் பழகிய .223, வருடத்துக்கு 40 தோட்டா சுட்ட .204-ஐவிட நல்ல தோல் கொண்டுவரும்.

.223-இல் தவறுவது குண்டுத் தேர்வில்தான். 55 கிரெயின் குண்டு நொடிக்கு 990 மீட்டர், 1,740 ஜூல் என்று அட்டையில் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் உள்ளே மூன்று நான்கு விதம் உண்டு. முழு உலோக உறை, சுட்டுப் பழகும் இலக்குப் பலகைக்கு மட்டும். மென்முனைக் குண்டு நன்றாகக் கொல்லும், ஆனால் பல நேரம் மறுபக்கம் வெளியேறும். நமக்கு வேண்டியது பாலிமர் முனையும் மெல்லிய உறையும் கொண்ட, சின்ன விலங்குகளுக்கென்றே செய்த குண்டு: ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப் வார்மின்ட், சியராவின் பிளிட்ஸ்கிங் போன்றவை. எடை 40-இலிருந்து 53 கிரெயினுக்குள் இருக்கட்டும். 75, 77 கிரெயின் போட்டிக் குண்டுகள் துல்லியமானவை, ஆனால் கொயோட்டியைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை. குழலுக்குள் திருகுமரை போல ஓடும் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது முக்கியம். .223-இல் இது 12 அங்குலத்திலிருந்து 7 அங்குலம் வரை மாறும். 7 அங்குலச் சுற்றில் மிக மெல்லிய உறைக் குண்டை முழு வேகத்தில் சுட்டால் சில நேரம் காற்றிலேயே சிதறிவிடும். 9 அங்குலச் சுற்று நமக்குத் தோதானது. இரண்டாவது, 5.56 ராணுவத் தோட்டாவும் .223-ம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். .223 என்று மட்டும் பொறித்த ரைஃபிளில் 5.56 போடாதீர்கள், அழுத்தம் கூடிப்போகும்.

.22-250 ரெமிங்டன் சமவெளிக்காரர்களின் செல்லம். .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பல வருடங்கள் தனியாட்கள் செய்துகொண்டிருந்ததை 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது. 55 கிரெயின், நொடிக்கு 1,120 மீட்டர். 300 மீட்டரில் நிற்கிற கொயோட்டிக்கு இதைவிட நம்பிக்கையான .22 கிடைப்பது கடினம். ஆனால் 50 மீட்டரில் வந்து நிற்பதற்கு அதே வேகம் அளவுக்கு மீறியது. கிட்டத்தில் பட்ட தோல்களில் தையல் வேலை கூடுதலாக இருக்கும். உங்கள் நிலம் முழுவதும் திறந்தவெளி என்றால் தயங்காமல் எடுங்கள், புதர் என்றால் வேண்டாம்.

.243 பற்றி என் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன். மானுக்கும் கொயோட்டிக்கும் ஒரே துப்பாக்கிதான் முடியும் என்பவர், 55 முதல் 58 கிரெயின் வரையிலான உடையும் குண்டு தனியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்போதும் சில தோல் கிழியத்தான் செய்யும். 6.5 கிரீட்மூர், .308 போன்ற இன்னும் பெரியவற்றைத் தோலுக்காக வாங்காதீர்கள்.

தோட்டாவைத் தேர்ந்து, குறி வைத்தல்

ஒரே எடையில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பெட்டிகள் வாங்குங்கள். 100 கஜத்தில், ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஓர் அங்குல வட்டத்துக்குள் ஐந்தையும் போடுகிற பெட்டியை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். அதே பெட்டியில் சீசனுக்குப் போதுமான அளவு வாங்கிவிடுவது நல்லது.

பிறகு 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். .223-இல் 55 கிரெயின் குண்டு அப்போது 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் உயரத்தில் படும், .204-இல் ஏறத்தாழ ஓர் அங்குலம். இதனால் 200 கஜம் வரை மேலே கீழே என்று கணக்குப் போடாமல் நெஞ்சில் நேராக வைத்துச் சுடலாம். பயிற்சியை மேசையோடு நிறுத்தாதீர்கள். வேட்டையில் பனியில் உட்கார்ந்து, முக்காலியிலோ இருகாலியிலோ சாய்த்து, கையுறையோடுதான் சுடப் போகிறீர்கள்.

எங்கே சுடுவது

பக்கவாட்டில் நிற்கிறதா, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அங்கே மெல்லிய விலா மட்டும்தான், உள்ளே நுரையீரலும் இதயமும். தோளை விட்டு விலகியே இருங்கள். நேராக உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா, கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் நடுப்பகுதி. தோலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை, குண்டு உடலின் நீளவாட்டில் போவதால் வெளியேற இடமே கிடைக்காது. சாய்வாகத் தோளைக் காட்டி நிற்கும்போதுதான் .17-உம் 32 கிரெயின் .204-உம் கைவிடும். திரும்பட்டும், பொறுங்கள்.

ஓடுகிறதா, உதட்டைக் குவித்து ஓர் ஒலி எழுப்புங்கள், அல்லது நாய் மாதிரி ஒரு குரைப்பு. அநேகமாக நின்று பார்க்கும். நிற்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். விழுந்தது அசைகிறது என்றால் தோலைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல் இரண்டாவது குண்டைப் போடுங்கள்.

விழுந்த பிறகு

ஓட்டையில் கொஞ்சம் காகிதத் துண்டு அடைத்து இரத்தம் மயிரில் பரவாமல் பாருங்கள். தரையில் இழுத்துவராமல் தூக்கி வாருங்கள், இழுத்தால் மயிர் தேயும். கிட்டப் போய்ப் பார்க்கும்போதே சொறி இருக்கிறதா என்று கவனியுங்கள். சொறி பிடித்த தோல் எதற்கும் உதவாது, வண்டியிலும் ஏற்ற வேண்டாம். ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், நாடாப்புழு முட்டை போன்றவை மனிதனுக்கும் தொற்றும்.

உடல் சூடு இருக்கும்போதே உரித்தால் சுலபம், தாமதித்தால் வயிற்றுப் பக்கத்து மயிர் கழன்றுவிடும். பின்னங்கால்களில் கீறி, காலுறையைக் கழற்றுவது போலத் தலை வரை உருவ வேண்டும். இரத்தக் கறையைக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் அலசுங்கள், வெந்நீர் கறையைப் பிடிக்கவைக்கும். உள்பக்கத்துக் கொழுப்பை வழித்து எடுத்த பிறகு, தோலை மாட்டிக் காயப்போடும் முன்பே ஓட்டையைத் தைத்துவிடுங்கள். வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும். இரண்டு முனையையும் கூராக நறுக்கி மா இலை வடிவத்துக்குக் கொண்டுவந்து, உள்பக்கத்திலிருந்து மெழுகு நூலால் நெருக்கமாகத் தையுங்கள். காயப்போடும் சட்டத்தில் மாட்டும்போது முதலில் மயிர் உள்ளே, தோல் வெளியே. தோல் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், விறைத்துப்போகும் முன், புரட்டி மயிரை வெளியே கொண்டுவாருங்கள். தாமதித்தால் புரட்டும்போது காதோரம் கிழியும், அதனால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.